பாவையும் பிள்ளையும்: எட்கர் பேர்கனின் நகைச்சுவையும் சிறுவர் தொலைக்காட்சியும்

வானொலியிலே பொம்மலாட்டம் நடத்திப் புகழ் பெற்றார் ஒருவர் இருந்தார் என்றால் கேட்போர் நகைப்பர். பொம்மலாட்டம் கண்ணுக்குரியது, வானொலியோ காதுக்குரியது. ஆயினும் அமெரிக்க நாட்டிலே 1937ஆம் ஆண்டு தொடக்கம் 1956ஆம் ஆண்டு வரை அதனைச் செய்து காட்டினார் எட்கர் பேர்கன் என்பார். மரப்பாவை ஒன்றை அருகே இருத்தி, தம் உதடு அசையாமற் பேசி, அப்பாவையே பேசுவதாகக் காட்டும் வித்தை அவருடையது. உதடு அசைகின்றதா இல்லையா என்று பார்ப்பதற்கு எவருமில்லாத இடத்தில் அவ்வித்தைக்கு என்ன பெறுமதி? யாதொரு பெறுமதியும் இல்லை. எனவே அவருடைய புகழ் வித்தையால் வந்ததன்று, வேறொன்றால் வந்தது. அவ்வேறொன்று யாது என்பதும், அது பின்னர் ஜிம் ஹென்சன் என்பாரின் கைப்பட்டுச் சிறுவர் தொலைக்காட்சியிலே எவ்வாறு உருமாறியது என்பதும் ஈண்டு ஆராயப்படும். ஆராய்பவன் நாடக விற்பன்னன் அல்லன். பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் தொழிலுடையவன். ஆதலின் அத்தொழிலின் பக்கமாக நின்றே இப்பொருளை நோக்குகின்றேன்.

பேர்கன் 1903ஆம் ஆண்டு சிக்காகோ நகரிலே, சுவீடன் தேசத்திலிருந்து குடியேறிய பெற்றோர்க்குப் பிறந்தவர். பள்ளிச் சிறுவனாயிருந்தபோதே சிறு கைந்நூல் ஒன்றைப் பார்த்து வாயசையாமற் பேசப் பழகினார். பின்பு செதுக்குவேலைக்காரர் ஒருவரைக் கொண்டு ஒரு மரத்தலை செய்வித்தார். தெருவிலே பத்திரிகை விற்ற ஐரிஷ் பையன் ஒருவனின் முகமே அதற்கு மாதிரி என்பர். அத்தலைக்குரியவனே சார்ளி மக்கார்த்தி. அவனுக்கு உயர்ந்த பட்டுத்தொப்பியும், மாலை விருந்துக்குரிய கறுப்பு அங்கியும், ஒற்றைக் கண்ணாடியும் அணிவித்தார். உடை சீமான் வீட்டுடை. நாக்குத் தெருப்பையனின் நாக்கு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள பொருந்தாமையே பாதிச் சிரிப்பை விளைத்துவிடும். மேடை மேடையாகப் பல்லாண்டு அலைந்தபின் 1936ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் வானொலியிலே தோன்றும் வாய்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு தமக்கென்று ஒரு நிகழ்ச்சியே கிடைத்தது. 1938இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் அவருக்குச் சிறப்புப் பரிசாக ஓர் ஒஸ்கார் சிலை வழங்கியது. அச்சிலை மரத்தாலாயது, அதன் வாய் திறந்து மூடும். பரிசளித்தோர்க்கும் நகைச்சுவை தெரிந்திருந்தது போலும்.

அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள், செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்து வந்ததாக ஓர்சன் வெல்ஸ் என்பார் வானொலியில் நடித்துச் சிலரைக் கலங்கச் செய்த கதையை நம்மிற் பலர் அறிவர். அதே நேரத்தில் மற்றோர் அலைவரிசையிலே பேர்கனும் சார்ளியும் பேசிக்கொண்டிருந்தனர் என்பதையும், வெல்ஸ் கூட்டத்தாரைக் கேட்டோரினும் பன்மடங்கு மிகுதியானோர் அங்கேதான் இருந்தனர் என்பதையும் அறிந்தோர் சிலரே.

இனி, அவருடைய நகைச்சுவையின் அமைப்பை நோக்குவோம். பேர்கன் தம்மை ஒரு கண்ணியமான பெரியவராக வைத்துக்கொள்வார். அவர் குரல் தாழ்ந்தது; சொல் திருத்தமானது; சற்றே உபதேசத் தொனி உடையது. நம்முள் ஆசிரியராயிருப்போர் கண்ணாடியிற் பார்ப்பது போல அவரை அடையாளங் காணலாம். அவர் சார்ளிக்கு நல்லறிவு புகட்டத் தொடங்குவார். சார்ளி இடைமறிப்பான், அவருடைய கைச்சிக்கனத்தை இகழ்வான், தலைமயிர் உதிர்வதைச் சுட்டுவான், யாவற்றுக்கும் மேலாக, உமது உதடு அசைகின்றதே என்று அவருடைய வித்தையின் குறையையே சபையறியச் சொல்லிவிடுவான். அக்குறை உண்மை. பல்லாண்டு வானொலியிலே பேசியமையால் பேர்கனின் உதடு கட்டுக்கு அடங்காதாயிற்று. வேறொரு வித்தைக்காரனாயின் அதனை மறைக்கப் படாத பாடு பட்டிருப்பான். பேர்கன் அதனையும் பாவையின் வாயிலிட்டு எல்லாரும் நகைக்குமாறு செய்தார். தம்மைத் தாமே இகழ்ந்துகொண்டார் என்று ஒருவரும் கருதவில்லை. சார்ளி அவரை இகழ்ந்தான் என்றே கருதினர்.

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியனார், அது எள்ளலும் இளமையும் பேதைமையும் மடனும் ஆகிய நான்கு நிலைக்களத்திற் பிறக்கும் என்றார். உரைகாரர் இதனை மேலும் நுணுக்கி, தான் பிறரை எள்ளுதலாலும் நகை பிறக்கும், பிறரால் தான் எள்ளப்படுதலாலும் பிறக்கும் என இருவகைப்படுத்துவர். அமெரிக்கப் பாவைக்குத் தொல்காப்பியமா என்று கேட்பாருக்கு ஒரு விடை உண்டு. 1920களிலே திருகோணமலையில் இந்துக் கல்லூரியை நடத்திய விபுலானந்த அடிகள், 1926இல் வெளிவந்த தம் மதங்கசூளாமணியிலே சேக்ஸ்பியரை நம் நாடக மரபோடு ஒருங்கு வைத்து ஆராய்ந்தார். அவர் மிதித்த வழியிலே சிறியேனும் சில அடி வைக்கலாம்.

எள்ளப்படுதலால் வரும் நகையை ஒருவர் தாமே விரும்பி ஏற்றுக்கொள்ளுதல் அரிது. அரசனை எள்ளும் கோமாளி எந்நாட்டிலும் உண்டு. எள்ளப்படுவதற்கென்றே கோமாளியை உண்டாக்கி அவன் பக்கத்தில் அமர்ந்திருக்கும் அரசனைக் காண்டல் எளிதன்று. பேர்கன் செய்தது அதுவே. இரண்டு குரலும் அவருடையவையே. ஆயினும் வெற்றியை மரத்துக்குக் கொடுத்துத் தோல்வியைத் தமக்கு வைத்துக்கொண்டார்.

சார்ளியோடு வேறொரு பாவையும் அவரிடம் இருந்தது. அதன் பெயர் மோட்டிமர் சினேர்ட். நாட்டுப்புறத்தான், முன்பல் நீண்டவன், எதனையும் மெல்ல மெல்லவே விளங்கிக்கொள்பவன். அறிவின்மை பேதைமை எனவும், ஒருவர் கொளுத்தியதைக் கொண்டு அதனை விடாமை மடன் எனவும் வேறுபடுத்துவர். மோட்டிமர் பெரும்பாலும் மடனின் பாற்பட்டவன். அவனிடம் கேள்வி கேட்கும்போது பேர்கன் பொறுமையின் உருவாகிவிடுவார். சார்ளியிடம் அடிபட்டவர், மோட்டிமரிடம் மாட்டிக்கொள்வார். சார்ளியே பெரும்புகழ் பெற்றானாயினும், என் மதிப்பில் மோட்டிமரே சிறந்த படைப்பு. எள்ளல் காலத்தோடு பழமைப்பட்டுவிடும். சார்ளியின் சொற்கள் பல, குறிப்பாகப் பெண்களைப் பற்றியவை, இன்று செவிக்கு இனிமையாயில்லை. மோட்டிமரின் மடமை நேற்றுக் கேட்டது போலவே இன்றும் இருக்கின்றது. சிறுவர் தொலைக்காட்சிக்குப் பெரிதும் பயன்பட்டதும் அதுவே என்பது பின்னர்த் தெரியவரும்.

ஒரே வாயில் இரு குரல் பிறத்தல் நமக்குப் புதிதன்று. கன்னியாகுமரிப் பகுதியிலே வழங்கும் தோற்பாவைக் கூத்திலே இராமகதையின் நடுவே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் இரண்டு கோமாளிகள் வருவர். இராமன் பேச்சும் இராவணன் பேச்சும் இவ்விருவர் சண்டையும் திரைக்குப் பின்னாலிருக்கும் ஒரு கலைஞரின் தொண்டையிலிருந்தே பிறக்கும். சிறுவர் காத்திருப்பது இராமனுக்காக அன்று, இவ்விருவருக்காகவே. நம் நாட்டிலும் குரலொன்றையே கொண்டு பாத்திரம் படைத்தோர் உளர். இலங்கை வானொலியிலே ஒலித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்னும் தொடரில் மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்போரை அவரவர் பேச்சுவழக்கினாலேயே நேயர் கண்டுகொண்டனர். அத்தொடர் 1976இல் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாக வந்தது. முகம் பார்த்தறியாத அம்மனிதருக்குக் கேட்டவர் ஒவ்வொருவரும் தத்தம் மனத்திலே ஒரு முகம் வைத்திருந்தனர். பேர்கனை வானொலியிற் கேட்ட அமெரிக்கச் சிறுவரின் நிலையும் அதுவே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் தோற்பாவைக் கலைஞர் திரைக்குப் பின்னே மறைந்திருப்பவர். உச்சிக்குடும்பன் இராவணனையும் எள்ளலாம், ஊர்ப் பெரியவரையும் எள்ளலாம். தன்னை ஆட்டுவிப்பவரைச் சபையிலே முகத்துக்கு நேர் வைத்து எள்ளுவதற்கு அவர் அங்கே தோன்றுவதில்லை. கயிற்றினால் இயங்கும் மரப்பாவை உயிருள்ளது போல மயக்கும் என்பதை வள்ளுவர் நாணில்லார்க்கு உவமையாக்கினார். அவ்வுவமையிலே கயிறு மறைந்திருக்கவேண்டும். தெரிந்தால் மயக்கம் போய்விடும். பேர்கன் கயிற்றையும் காட்டினார், கயிறு பிடிப்பவரையும் காட்டினார், மயக்கம் போகவில்லை. தமிழ்த் திரைப்படத்திலே இதற்கு அண்மையான ஓர் எடுத்துக்காட்டு, 1977இல் கே. பாலச்சந்தர் இயக்கிய ‘அவர்கள்’. அதிலே கமலஹாசன் ஏற்ற இளைஞன் தன் காதலைச் சொல்ல நாவெழாதவன்; அவன் கையிலுள்ள பாவையோ கூசாமற் பேசுகின்றது. அப்பாவை எசமானின் ஒளித்த மனத்தைச் சொல்கின்றது. சார்ளி அதற்கும் ஒரு படி மேலே போய், எசமானைப் பற்றி உலகம் என்ன நினைக்கின்றதோ அதனைச் சொல்கின்றான்.

ஜிம் ஹென்சன் 1936இல் பிறந்தவர்; பேர்கன் வானொலிக்கு வந்த காலமும் அதுவே. அவர் சிறுவனாக இருந்தபோது குடும்பத்தோடு அந்நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர். சார்ளியையும் மோட்டிமரையும் பாவைகளென்று தாம் எண்ணவேயில்லை, மனிதராகவே கேட்டதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். இது கருதத்தக்கது. பொம்மலாட்டத்தில் உலகப்புகழ் பெற்ற ஒருவர், அக்கலையைக் கண்ணாற் கற்கு முன்னரே காதாற் கற்றார். உயிர் குரலிலே இருக்கின்றது, மரத்திலே இல்லை என்பது அவருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

1955இலே வாஷிங்டன் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்றில் ஐந்து நிமிட நிகழ்ச்சி நடத்தத் தொடங்கிய ஹென்சன், தாயார் கழித்த பழைய மேலங்கித் துணியையும், இரண்டாக வெட்டிய பிங்பொங் பந்தையும் கொண்டு ஒரு பாவை செய்தார். பின்னாளில் உலகமறிந்த கேர்மிற் தவளை அதுவே. மரத்தை விட்டுத் துணிக்கு வந்தது பெரிய மாற்றம். மரவாய் திறக்கும், மூடும், அவ்வளவே. துணிவாயோ உள்ளிருக்கும் விரல்கள் நெளிய நெளியச் சுளிக்கும், கோணும், வெட்கப்படும். மற்றொரு மாற்றம் இதனினும் பெரிது. அதுவரை பாவைக்காரர் மறைந்திருப்பதற்குத் திரையோ மேடைப்பலகையோ தொலைக்காட்சியிலும் வேண்டியிருந்தது. ஹென்சன் தொலைக்காட்சிப் பெட்டியின் சட்டத்தையே மேடையாக்கினார். சட்டத்துக்குக் கீழே நின்று கையை உயர்த்தினார். பாவை படத்திலே எவ்வாறு தோன்றுகின்றது என்பதை நேயர் காண்பது போலவே தாமும் ஒரு பெட்டியிற் பார்த்துக்கொண்டு ஆட்டினார். உதட்டை அடக்கும் தேவை ஒழிந்தது. பேர்கனின் வித்தை முழுவதையும் அவர் கைவிட்டார் என்றே சொல்லவேண்டும். கைவிட்டபின் எஞ்சியது எதுவோ அதுவே பேர்கனிடமிருந்து அவர் பெற்ற முதுசொம்.

எஞ்சியது அந்த இருவர் அமைப்பு: பொறுமையுள்ள ஒருவர், அப்பொறுமையைச் சோதிக்கும் மற்றொருவர். ஆனால் இங்கே ஓர் இடர் தோன்றிற்று. பேர்கன் இருந்த நாற்காலி வெறுமையாயிற்று. ஆட்டுவிப்பவர் சட்டத்துக்குக் கீழே போய்விட்டாரல்லவா? எள்ளப்படுவதற்கு யாரேனும் வேண்டும். ஹென்சன் முதலிலே மற்றொரு பாவையை அவ்விடத்தில் வைத்தார். 1969ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீற்’ என்னும் சிறுவர் நிகழ்ச்சியிலே ஏர்னி, பேர்ட் என இருவர் ஒரே அறையில் வாழ்வர். ஹென்சன் ஏர்னியை ஆட்டினார்; பிராங்க் ஓஸ் என்பார் பேர்ட்டை ஆட்டினார். ஒழுங்கை விரும்பும் பேர்ட்டை ஏர்னி ஓயாது அலைக்கழிப்பான். இது பேர்கனும் சார்ளியுமே, வேறு உடையில். 1976 முதல் 1981 வரை நடந்த ‘மப்பற் ஷோ’வில் கேர்மிற்றே அரங்கு நடத்தும் பெரியவராகி எல்லாரிடமும் அகப்பட்டுத் தவித்தது. பேர்கன் உயிரோடிருந்தபோதே அவ்வரங்கிலே விருந்தினராக வந்து போனார். மரபை உணர்ந்து வணங்கும் பண்பு ஹென்சனிடம் இருந்தது.

‘செசமி ஸ்ட்ரீற்’றின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி ஆசிரியர்களுக்கு மிக வேண்டியது. கற்பனையையும் மெய்யுலகையும் கலந்தாற் குழந்தை மயங்கும் என்று அறிஞர் சிலர் எச்சரித்தனர். ஆகவே முதலிற் பரீட்சார்த்தமாகத் தயாரித்த பகுதிகளிலே, வீதியில் மனிதர் மட்டும் தோன்றினர். பாவைகள் வேறிடத்தில் தனியே வைக்கப்பட்டன. அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டியபோது, மனிதர் பேசும் இடங்களிலெல்லாம் பிள்ளைகளின் கவனம் சிதறிற்று. அதன் பின்னரே பெரிய மஞ்சட் பறவையும், குப்பைத் தொட்டியிலே வாழும் சிடுமூஞ்சி ஒஸ்காரும் வீதிக்கு வந்து மனிதரோடு பேசத் தொடங்கினர். பாவையும் மனிதரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே பிள்ளை பார்க்கும் என்பதைப் பேர்கனைக் கேட்டவர் எவரும் முன்னரே சொல்லியிருப்பர்.

அம்மஞ்சட் பறவை மோட்டிமரின் வழித்தோன்றல். எட்டடி உயரம், ஆறு வயதுப் பிள்ளையின் மனம். கடைக்காரர் ஹூப்பர் என்னும் முதியவரின் பெயரை அது எப்போதும் பிழையாகவே சொல்லும், அவர் திருத்துவார், அது மறுபடியும் பிழையாகச் சொல்லும். பல்லாண்டு நீடித்த இவ்விளையாட்டிலே மடனும் இளமையும் ஒருங்கு கூடின. 1982இல் அம்முதியவராக நடித்தவர் காலமானார். நிகழ்ச்சியினர் வேறொருவரை நடிக்க விடவில்லை. அவர் எங்கோ பயணம் போனதாகவும் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் ஒளிபரப்பிய பகுதியிலே, ஹூப்பர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் அப்பறவைக்குச் சொல்கின்றனர். பறவைக்கு விளங்கவில்லை. அவருக்கென வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் இப்படி நடக்கவேண்டும் என்று கேட்கின்றது. அவர்களிடம் விடை இல்லை. இல்லை என்பதை மறைக்கவும் இல்லை. இறுதியில் அது அவர் பெயரைப் பழையபடி பிழையாகச் சொல்கின்றது. கண்ணீரோடு நிற்பவர்கள் மெல்லத் திருத்துகின்றனர். இத்தனை ஆண்டு நகைக்கென்றே வைத்திருந்த பிழை அக்கணத்தில் அழுகையாகிவிட்டது. நகையின் மறுபுறத்திலே அழுகை நிற்பதை இத்துணை எளிய கருவி கொண்டு காட்டிய வேறொரு நாடகக் காட்சியை நான் கண்டிலேன். போர் நடந்த மண்ணிலே பிள்ளைகளுக்கு இழவுச் செய்தி சொல்ல நேர்ந்த ஆசிரியர் எவரும் இக்காட்சியைப் பார்த்தல் வேண்டும். மாமா கொழும்புக்குப் போயிருக்கின்றார் என்று நாம் சொன்ன பொய்கள் எத்தனை!

எனினும் ஹென்சன் செய்த பெரும் புதுமையாக நான் கருதுவது இதுவன்று. கேர்மிற்றைச் சிறு பிள்ளைகளோடு அமர்த்தி, எழுதி வைத்த வசனம் எதுவுமின்றிப் பேசவிட்டார். அவற்றுள் ஒன்றிலே ஒரு சிறுமி கேர்மிற்றுக்கு அரிச்சுவடி பாடிக் காட்டுகின்றாள். இடையிலே எழுத்தை விட்டுக் குக்கி மொன்ஸ்ரர் என்னும் வேறொரு பாவையின் பெயரைச் செருகிவிட்டுச் சிரிக்கின்றாள். கேர்மிற் திருத்துகின்றது; அவள் மறுபடி தொடங்கி மறுபடியும் செருகுகின்றாள். ஈற்றிலே கேர்மிற் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுகின்றது. போகின்ற தவளையைப் பார்த்து அவள் அன்பு சொல்ல, அது திரும்பி வந்துவிடுகின்றது. இக்காட்சியிலே யார் யார் எந்த நாற்காலியில் இருக்கின்றனர் என்று நோக்குக. திருத்திக்கொண்டும் தவித்துக்கொண்டும் இருக்கும் பெரியவர் பாவை, அதாவது பேர்கன். குறும்பு செய்து வெல்பவள் உயிருள்ள பிள்ளை, அதாவது சார்ளி. பேர்கன் வெற்றியை மரத்துக்குக் கொடுத்தார். ஹென்சன் அதனை மரத்திடமிருந்து வாங்கிப் பிள்ளையிடம் கொடுத்தார்.

இம்மாற்றத்தின் அருமை பேர்கனின் இல்லறத்தை அறிந்தார்க்கு நன்கு புலப்படும். அவருக்கு 1946இல் ஒரு மகள் பிறந்தாள். பின்னர் நடிகையாகப் பெயர் பெற்ற கன்டிஸ் பேர்கன் அவரே. உலகம் அவரைச் சார்ளியின் தங்கை என்றே அழைத்ததாம். 1984இல் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலே அவர் ஒரு காட்சியைச் சொல்கின்றார். காலையுணவு வேளையிலே தந்தையார் ஒரு தொடையிற் பாவையையும் மறு தொடையில் மகளையும் இருத்துவார். அவர் மகளின் பிடரியை மெல்ல அழுத்தும்போதெல்லாம் அவள் வாயைத் திறந்து மூடவேண்டும், குரல் தந்தையுடையதாயிருக்கும். பாவை பேசிற்று, பிள்ளை வாயசைத்தது. தந்தையார் தம் மரணசாசனத்திலே சார்ளியின் பேரால் 10,000 டொலர் ஒதுக்கினார் என்றும் தமக்கு ஒன்றும் வைக்கவில்லை என்றும் அம்மகள் 2015இல் எழுதிய நூலிலே கூறுகின்றார். அவரைக் கொடியவர் என்று எவரும் சொல்லவில்லை. கூச்சமுடையவர், மரத்தின் வாயாலன்றி மனத்தைத் திறக்கத் தெரியாதவர். தோற்றுக் கொடுக்கும் கலையிலே வல்லவராயிருந்தும், அத்தோல்வியை அவர் சார்ளிக்கே கொடுத்தார். கலைஞரின் குறையொன்றை அவர் வழிவந்தவர் கலையினாலேயே நிரப்பினார் என்று கொள்வதற்கு இங்கே இடமுண்டு.

இக்கருத்து எனக்குப் புத்தகத்தாலே வந்ததன்று. சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் எங்கள் கிளிவெட்டியிலே தற்காலிக முகாம்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கியிருந்த காலம். நான் அப்போது படிப்பித்த வகுப்பிலே ஒரு சிறுமி இருந்தாள். மாதம் இரண்டாகியும் வகுப்பிலே வாய் திறக்கவில்லை. ஒருநாள் பழைய காலுறை ஒன்றிலே இரண்டு பொத்தான் தைத்துக் கையில் மாட்டிக்கொண்டு போனேன். காலுறை கரும்பலகையிலே கணக்குச் செய்தது. ஏழும் ஐந்தும் பதின்மூன்று என்று எழுதச் சொல்லிற்று. வகுப்புச் சிரித்தது. காலுறை விடவில்லை; பதின்மூன்றேதான் என்று அடம்பிடித்தது. மூன்றாம் வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது: “பிழை.” அவளுடைய குரல் எப்படியிருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் நான் மடமை செய்தேன். நேற்றைய வெற்றி தந்த உற்சாகத்திலே, காலுறையைக் கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைக் கற்பிக்க முற்பட்டேன். காலுறை இப்போது எல்லாம் தெரிந்ததாகிவிட்டது, கேள்வி கேட்டது, சரியாகச் சொன்னாருக்குக் கைதட்டியது. அவள் வாய் மறுபடி மூடிக்கொண்டது. அதனை மறுபடி திறக்க இன்னும் மூன்று கிழமையும் பல பிழைகளும் வேண்டியிருந்தன.

ஆதலினாலே, நம் பகுதியிலே நான் கண்ட பாவைக் காட்சிகளைப் பற்றி ஒன்று சொல்லாமலிருக்க முடியவில்லை. கண்ணிவெடி அபாயம், டெங்கு நுளம்பு, கைகழுவுதல் எனப் பல பொருள்களைப் பாவை கொண்டு பிள்ளைகளுக்கு உணர்த்த முயன்றோர் உளர். நோக்கம் நன்று, பாவைகளும் அழகியவை. ஆனால் நான் பார்த்தவற்றுள் ஒரு பாவையும் பிழை விடவில்லை. பிழை விட்ட ஓரிரண்டும் உடனே தண்டனை பெற்றுத் திருந்திவிட்டன. உபதேசிக்கும் பெரியவருக்குத் துணிச்சட்டை போட்டது போலவே அவை இருந்தன. பிள்ளைகள் நிறத்தைப் பார்த்தார்கள், பேச்சைக் கேட்கவில்லை. ‘செசமி ஸ்ட்ரீற்’ நடத்தும் நிறுவனத்தார் 2020இன் இறுதியில் வங்காளதேசத்து முகாம்களிலுள்ள ரோஹிங்கியாப் பிள்ளைகளுக்கென நூர், அஸீஸ் என்னும் இரட்டையரை உருவாக்கியுள்ளதாக அறிவித்தனர். முகாம் வாழ்வை அருகிருந்து கண்டவன் என்ற வகையில், அவ்விருவரும் பிழை விடும் பாவைகளாயிருத்தல் வேண்டும் என்று விரும்புகின்றேன்.

அந்நிறுவனத்தாரின் பிற்கால நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் நான் மெச்சுவேன் என்பதில்லை. எல்மோ என்னும் சிவப்புப் பாவை இப்போது அவ்வீதியின் அரசன். மூன்றரை வயதுப் பிள்ளையாகப் பேசும். எல்லாரும் அதனை நேசிப்பர். 1998இல் அதற்கெனத் தனிப்பகுதியே வகுத்தனர். இளமையால் வரும் நகைக்கு அதனினும் சிறந்த உதாரணம் இல்லை என்பது உண்மை. ஆயினும் எல்மோ பிள்ளையின் நாற்காலியிலேயே அமர்ந்துவிட்டது. பார்க்கும் பிள்ளைக்குத் திருத்துவதற்கு ஒரு பெரியவரும் இல்லை, வெல்வதற்கு ஒரு கேர்மிற்றும் இல்லை. தன்னைப் போன்ற ஒன்றைப் பார்த்து மகிழ்வதே எஞ்சியது. என் மாணவர் சிலர் இதனை ஒப்பமாட்டார். அவர்களுக்கு எல்மோ மேல் கை வைக்கலாகாது.

பேர்கன் 1978ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள் காலமானார். ஓய்வு பெறுவதாக அறிவித்துச் சில நாளே கழிந்திருந்தன. அதற்கு முன் ஹென்சனின் ‘மப்பற் மூவி’யிலே ஒரு சிறு காட்சியில் நடித்துக் கொடுத்திருந்தார். 1979இல் வெளிவந்த அப்படம் அவர் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. நாட்டுப்புறக் கண்காட்சி ஒன்றிலே, துணிப்பாவைகளின் ஆரவாரத்தின் நடுவே, கூட்டத்தில் இருவராக முதியவரும் மரப்பையனும் தோன்றுகின்றனர். சார்ளி இப்போது வாஷிங்டன் நகரத்துச் சிமித்சோனியன் நூதனசாலைக்கு உரியவனாயிருக்கின்றான்.

என் காலுறை பாடசாலை அலுமாரியிலே கிடக்கின்றது. ஒரு பொத்தான் கழன்றுவிட்டது. சென்ற ஆண்டு ஏதோ அத்தாட்சிப் பத்திரத்துக்காகப் பாடசாலைக்கு வந்த ஓர் இளம்பெண் என்னைக் கண்டு வணக்கஞ் சொன்னாள். முகாமை விட்டு ஊர் திரும்பிப் பல ஆண்டாகிவிட்டது. முதலில் எனக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. பத்திரத்தை வாங்கிக்கொண்டு புறப்படும்போது திரும்பி நின்று கேட்டாள்: “சேர், அந்தக் கணக்குத் தெரியாத ஆள் இன்னும் இருக்கிறாரோ?”